“ஒரு ஜெராக்ஸ்தானே, போடுங்கண்ணே”: அடையாளத் திருட்டு பற்றி மண்டபம் கடைத்தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் ஜெராக்ஸ், இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் தினமும் வந்து நிற்கிற இடம். பிரதி எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் “கண்ட இடத்தில் பிரதி கொடுக்காதீர்கள்” என்று எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் கல்லாவுக்கு எதிரே நின்று ஜனங்கள் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன, சொல்லத் தவறிய பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அடையாளத் திருட்டு என்றால் என்ன? என் ஆதார் அட்டை என் வீட்டு பீரோவில்தானே இருக்கிறது?

அட்டை பீரோவிலேயே இருக்கட்டும். அதில் உள்ள பெயர், பிறந்த தேதி, எண், உங்கள் கைரேகை, அதோடு இணைத்த போன் நம்பர் ஆகியவற்றை வைத்து இன்னொருவர் “நான்தான் அவர்” என்று சொல்லி ஒரு காரியத்தைச் சாதித்துக்கொண்டால் அது அடையாளத் திருட்டு. சிம் வாங்கலாம், கடன் எடுக்கலாம், வங்கிக் கணக்கு திறக்கலாம், கம்பெனியே நடத்தலாம்.

வள்ளம் திருடு போனால் கரையில் அது நின்ற இடம் காலியாகத் தெரியும். இதில் வள்ளம் கரையிலேயே நிற்கும். அதன் பதிவெண்ணைத் தன் வள்ளத்தில் எழுதிக்கொண்டு எவனோ எங்கோ தொழில் பார்த்துக்கொண்டிருப்பான். அதிகாரி வந்து நம் கதவைத் தட்டும்போதுதான் நமக்கே தெரியவரும்.

சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66சி. அடுத்தவரின் கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கம்ப்யூட்டரோ போனோ வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி.

நான் கடலுக்குப் போகிறவன். கணக்கில் 800 ரூபாய் கிடக்கிறது. என்னிடம் எதைத் திருடப் போகிறார்கள்?

அந்த 800 ரூபாயை யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் பெயர். எந்த வழக்கிலும் சிக்காத, கடன் பாக்கி இல்லாத, யாரும் சந்தேகப்படாத சாதாரணப் பெயர்.

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கோடிக் கணக்கில் வரி பாக்கி என்று ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். “லோன் வாங்கித் தருகிறேன்” என்று யாரோ வாங்கிக்கொண்டு போன பான், ஆதார் பிரதிகளை வைத்து அவர்கள் பெயரில் போலிக் கம்பெனி பதிவாகியிருக்கும். உங்கள் பெயரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது, லாகின் கூட வேண்டாம். தொழில் எதுவும் செய்யாத உங்கள் பான் எண்ணுக்கு ஒரு பதிவெண் வந்து நின்றால் அன்றைக்கே புகார் கொடுக்க வேண்டும்.

அப்புறம், 800 ரூபாய் எப்போதும் 800 ஆகவே இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அந்தப் பணம் எந்த மாதத்தில், எந்த மாதிரியான ஆட்கள் கணக்கில் விழும் என்பது நமக்குத் தெரிந்த அளவுக்கு ஏமாற்றுகிறவனுக்கும் தெரியும். “நிவாரணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க” என்று கேட்கிறவனுக்கு வேறு எந்த வித்தையும் தேவையில்லை. மகளிர் உரிமைத் தொகை பெயரைச் சொல்லியும் இதே பாட்டுத்தான். நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு நம்மிடம் ஓடிபி கேட்க மாட்டார்கள்.

ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பது ஆபத்தா, இல்லையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

அரசாங்கமே இதில் ஒருமுறை குழம்பியது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் “பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள்” என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஜனங்கள் பதறவும், இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள்.

என் கருத்து: கேட்கிற இடத்திலெல்லாம் முழு எண்ணோடு பிரதி கொடுக்கத் தேவையில்லை. மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று இருக்கிறது. 12 இலக்கங்களில் முதல் எட்டு மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நீங்களே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் தங்க, கூரியர் வாங்க, வேலைக்குச் சேரும்போது அடையாளம் காட்ட இது போதும். என் கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறேன். பத்து ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான்.

பிரதி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் குறுக்கே எழுதிவிடுங்கள்: “இன்ன லாட்ஜில் தங்குவதற்கு மட்டும்”, தேதி, கையெழுத்து. எழுத்து முகத்தின் மேலும் எண்ணின் மேலும் படர வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபிரதி எடுத்துவிடுவார்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், சொன்னால் நம்புங்கள்.

இன்னொன்று. மங்கலாக விழுந்த பிரதியைக் கசக்கிக் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கடலை மடிக்கிற காகிதத்தில் அடுத்தவர் பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் நான் படித்திருக்கிறேன். வீணான பிரதியைக் கேட்டு வாங்கி, கிழித்துப் போடுங்கள்.

ஆதார் எண் தெரிந்தாலே வங்கியில் பணம் எடுத்துவிடுவார்களா?

எண் மட்டும் இருந்தால் முடியாது. எண்ணோடு ரேகையும் சேர்ந்தால் முடியும்.

ஊருக்குள் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, விரலை வைக்கச் சொல்லிப் பணம் எடுத்துத் தருகிறார்கள் அல்லவா? அது ஆதார் வழிப் பணப்பரிமாற்ற முறை. அங்கே ஏடிஎம் அட்டை வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆதார் எண், வங்கிப் பெயர், விரல், இவ்வளவுதான். பேங்குக்கு நடக்க முடியாத பாட்டிகளுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் ஆந்திரா, கர்நாடகம் போன்ற மாநிலங்களில் பத்திரப் பதிவு ஆவணங்களில் பதிந்திருந்த ரேகைகளைப் பிரதியெடுத்து, போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் வந்திருக்கின்றன.

நம் பக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது போலி விரலுக்கு அல்ல. வலை இழுத்து, கயிறு பிடித்து, உப்புத் தண்ணீரில் பாசி பறித்து நம் ஜனங்களின் ரேகை தேய்ந்து கிடக்கிறது. மெஷினில் ஒரு தடவையில் விழாது. “விழலைக்கா, இன்னொரு தடவை வைங்க” என்று மூன்று, நான்கு தடவை வைக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் எந்தத் தடவை விழுந்தது, எத்தனை தடவை பணம் எடுக்கப்பட்டது என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவைக்கும் ரசீது கேளுங்கள். தோல்வியானால் தோல்வி என்றே சீட்டு வரும். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மீன் ஏலத்தில் தராசு முள்ளைப் பார்ப்பதற்கு நாம் கூச்சப்படுகிறோமா?

இந்த மெஷினையே பயன்படுத்தாதவர்கள் ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டிவிட்டால் உங்கள் விரலை நீங்களே வைத்தாலும் ஏற்காது. தேவைப்படும்போது பத்து நிமிடத்துக்கு மட்டும் திறக்கும் வசதி இருக்கிறது. ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரேஷன் கடையிலும் ரேகை வைக்கிறோம். வீட்டில் யார் ரேஷனுக்குப் போகிறாரோ அவர் ரேகையைத் திறந்து வைத்துவிட்டு மற்றவர்களுடையதைப் பூட்டுவது நடைமுறைக்குச் சரியாக வருகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான். என்னுடையதும் மகனுடையதும் பூட்டியிருக்கிறது, என் மனைவியுடையது திறந்திருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் அதே தளத்தில் பார்க்கலாம். ஆதார் உதவி எண் 1947.

ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்கிறார்களே, அங்கே வாங்கலாமா?

வாங்கலாம். விரலை ஒரு தடவைக்கு மேல் வைக்கச் சொன்னால் மட்டும் விழித்துக்கொள்ளுங்கள். முதல் ரேகையில் உங்களுக்கு ஒரு சிம், “சரியா விழலை” என்று வாங்குகிற இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம், அது வேறு யாருக்கோ போகும். இது நாடு முழுவதும் பழகிப்போன தந்திரம்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் பார்க்கலாம். 2023 மே மாதம் வந்தது. நம்பரும் ஓடிபியும் போட்டால் பட்டியல் வரும். தெரியாத நம்பர் இருந்தால் “என் நம்பர் இல்லை” என்று அங்கேயே குறித்து அனுப்பலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம் இருக்கலாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, வரம்பு மீறினால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

நம் ஊரில் மனைவி, மச்சினன், படகில் வேலை செய்கிற பையன் எல்லோருக்கும் ஒருவரே தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பையன் வேறு படகுக்குப் போய்விட்டான், சிம் அவனிடமே இருக்கிறது என்றால் அதில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

போனில் திடீரென்று சிக்னல் போய்விட்டது. பயப்பட வேண்டுமா?

கரையில் இருப்பவர் பயப்பட வேண்டும். கடலில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் நம் கடற்கரையின் தனிப் பிரச்சினை.

என்ன நடக்கிறது என்றால், உங்கள் ஆதார் பிரதியோடு ஒருவன் போய் “சிம் தொலைந்துவிட்டது” என்று உங்கள் நம்பருக்குப் புது சிம் வாங்குகிறான். அவன் சிம் உயிர் பெற்றதும் உங்கள் சிம் செத்துவிடும். அப்புறம் வங்கி அனுப்புகிற ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். இதை நிறுத்தத்தான் புது சிம் போட்ட முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாமலும் வராமலும் தடுத்து வைக்கிறார்கள். 2024 ஜூலை முதல், சிம் மாற்றி ஏழு நாளுக்குள் வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றவும் முடியாது. அதாவது உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. டவுனில் இருப்பவர் ஒரு மணி நேரத்தில் “என்னடா சிக்னல் இல்லை” என்று கவனித்துவிடுவார். இரவு தங்கல் போட்டு மறுநாள் கரை திரும்புகிறவருக்குக் கடலில் சிக்னல் இல்லாதது ஒரு செய்தியா? தனுஷ்கோடி பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ஊரை மாற்றிக் காட்டும். நமக்கு அது பழகிப்போன விஷயம்.

அதனால் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, கரை ஏறியும் அரை மணி நேரத்தில் சிக்னல் வரவில்லை என்றால், உப்புத் தண்ணீர் பட்டுவிட்டது போல என்று போனைத் தட்டிக்கொண்டு நிற்காமல், பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து கஸ்டமர் கேருக்கு அடித்து “என் நம்பருக்கு சிம் மாற்றம் நடந்ததா?” என்று கேளுங்கள். இரண்டு, வங்கித் தகவல் எஸ்எம்எஸ்ஸோடு மின்னஞ்சலுக்கும் வருகிற மாதிரி செய்து, அந்த மின்னஞ்சலை வீட்டில் படித்த பிள்ளை போனில் வைத்திருங்கள். கரையில் ஒரு கண் இருக்கும்.

போனே கடலில் விழுந்துவிட்டால் அதே நாளில் சிம்மை முடக்கிவிட்டு மாற்று சிம் வாங்குங்கள். திருடு போயிருந்தால் சஞ்சார் சாத்தி வழியாகக் கருவியையே முடக்கலாம். அதற்குப் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# அடித்தால் வரும். போன் கையில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது.

மச்சான் சவுதியில் இருக்கிறார். ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணுவது வீண் செலவு என்கிறார்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆட்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். வீண் செலவு இல்லை.

90 நாள் ஒரு நம்பரில் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். துண்டித்து 90 நாள் கழித்து அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் திருடன் இல்லை, கடையில் புது சிம் கேட்ட யாரோ ஒரு நல்ல மனிதர். ஆனால் மச்சானின் வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் இனி அவர் போனில் போய் விழும். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று நாம் துஆ கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இது எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. என் தங்கை வீட்டுக்காரர் இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தார். ஒரு பெண்மணி எடுத்து, “உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது தம்பி, யாரிட்ட சொல்றதுன்னு தெரியலை” என்றார். தங்கமான மனசு. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

ஒன்று, குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு நம்பரை உயிரோடு வைத்திருங்கள். இல்லை, நம்பரை விடுவதற்கு முன்பே வங்கி, ஆதார், பான், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். ஆதாரில் போன் நம்பரை மாற்ற ஊரில் இருக்கும்போதே சேவை மையத்துக்குப் போய் முடித்துவிடுவது நல்லது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் ஊர்க் கணக்கை என்ஆர்ஓ என்கிற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதியும்கூட. அந்தக் கணக்குக்குப் பல வங்கிகள் வளைகுடா நம்பரையே பதிவு செய்துகொள்கின்றன.

பேங்கிலிருந்து, போலீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னால் நிஜமா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கிகள் தங்கள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசையைப் பயன்படுத்த வேண்டும். வங்கி இணையதளங்கள் இப்போது “டாட் பேங்க் டாட் இன்” என்று முடிகின்றன. அரசு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கில “ஜி” இருக்கும். வீடியோ காலில் போலீஸ் உடையோடு வந்து “டிஜிட்டல் அரஸ்ட்”, அதாவது போன் வழியாகவே கைது என்றால் போனை வைத்துவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சீட்டு என்று வருகிற ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை ஏற்றுகிற கோப்பை, தொடவே வேண்டாம். பத்திரிகை படமாக வரும் அல்லது பிடிஎஃப் ஆக வரும். செயலியாக யாரும் அடிப்பதில்லை.

“அக்கவுண்டை ஒரு மாசத்துக்குக் கொடு, 5,000 தருகிறேன்” என்று காலேஜ் பையன்களிடம் கேட்கிறார்களாமே?

கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கோபத்தோடு எழுதுகிற பதில் இதுதான்.

ஏமாற்றிச் சேர்த்த பணம் எங்காவது போய் விழ வேண்டுமே? அதற்குத்தான் வாடகைக் கணக்கு. பாஸ்புக், ஏடிஎம் அட்டை, அதோடு இணைத்த சிம், மூன்றையும் வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கோ ஒரு பென்ஷன்காரரின் ஆயுள் சேமிப்பு அந்தக் கணக்குக்கு வந்து பத்து நிமிடத்தில் பத்துத் திசைக்குப் போய்விடும். போலீஸ் தேடும்போது கிடைக்கிற ஒரே பெயர் அந்தப் பையனுடையது. இங்கே அடையாளம் திருடப்படவில்லை, விற்கப்பட்டது. “எனக்குத் தெரியாது சார்” என்பது நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டிய பதில். பாஸ்போர்ட்டுக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் வழக்கு நின்றால் வளைகுடாக் கனவும் அதோடு சரி.

அடுத்த படி இன்னும் மோசம். “கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை” என்று அழைத்துப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மோசடிக் கூடத்தில் உட்கார வைத்து ஊர்க்காரர்களையே போனில் ஏமாற்றச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போய்ச் சிக்கி மீட்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட் பிரதியை நீட்டுங்கள்.

என் பெயரில் யாராவது கடன் வாங்கியிருந்தால் எப்படித் தெரியும்?

எனக்கே தெரியாமல்தான் இருந்தது. புது ஜெராக்ஸ் மெஷினுக்கு வங்கியில் கடன் கேட்டேன். மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே ஒரு ஆப் கடன் கட்டாமல் இருக்கிறதே” என்றார். 11,500 ரூபாய். அந்தச் செயலியின் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை. என் பான் பிரதி எங்கே கசிந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஊருக்கே பிரதி எடுத்துக் கொடுப்பவனின் பிரதி!

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் காவல் இருக்கும். தவறான கடன் இருந்தால் அந்தத் தளத்திலேயே ஆட்சேபம் பதியுங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. மெஷினைக் கடைசியில் சீட்டுப் பணத்தில் வாங்கினேன்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். தொழில் செய்கிறவர்களுக்கு என்ன ஆபத்து?

இரண்டு பக்கமும் ஆபத்து. உங்களிடம் இருக்கிற மற்றவர் அடையாளம் ஒன்று, உங்கள் தொழிலின் அடையாளம் இன்னொன்று.

முதலாவது. காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருகிற யாத்ரீகர்களின் ஆதார் பிரதி உங்கள் வரவேற்பு மேஜை இழுப்பறையில் கட்டுக் கட்டாக இருக்கும். தங்குகிறவர் யார் என்று பதிவேட்டில் குறிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முழு எண்ணோடு பிரதியைச் சேர்த்துவைக்கத் தேவையில்லை. அட்டையில் இருக்கிற கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தாலே அட்டை நிஜமா என்று தெரிந்துவிடும், கண்ணால் பார்ப்பதைவிட நம்பகம். வாங்கிய பிரதியைப் பூட்டி வையுங்கள், வரவேற்புப் பையனின் சொந்த வாட்ஸ்அப்பில் வாங்க வைக்காதீர்கள், தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவது அழிப்பது ஆகாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சின்ன லாட்ஜுக்கு அந்தத் தொகை வராது என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கப்பட்ட யாத்ரீகர் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

இரண்டாவது. யாத்திரைத் தலங்களில் விடுதி முன்பதிவு என்ற பெயரில் போலி இணையதளங்கள் இருப்பது தெரிந்த விஷயம். உங்கள் லாட்ஜ் படத்தையே போட்டு முன்பணம் வாங்கிவிடுவார்கள். அதிகாலையில் குடும்பத்தோடு வந்து நிற்கிறவர் உங்கள் வாசலில்தான் சண்டை போடுவார். கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தை உரிமையாளராக உறுதி செய்துகொண்டு, மாதம் ஒருமுறை போன் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வெளியாட்களும் திருத்தம் பரிந்துரைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

நண்டு, இறால் அனுப்புகிற கம்பெனிகளுக்கு வேறு கதை. வாங்குகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் மின்னஞ்சலை ஒருவன் படித்துக்கொண்டே இருப்பான். பில் அனுப்புகிற நாளில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று உங்கள் பெயரில், ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து கடிதம் போகும். சரக்கு இங்கிருந்து போய்விடும், பணம் வேறெங்கோ போய்விடும். கணக்கு எண் மாற்றம் என்று எப்போது வந்தாலும், பழைய, தெரிந்த நம்பருக்குப் போன் அடித்து, தெரிந்த குரலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்த கடிதத்தில் இருக்கிற நம்பருக்கு அல்ல. வாங்குகிறவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாம்பன் பாலத்துப் பக்கம் கருவாடு, சங்கு விற்கிற அக்காமார்களுக்குச் சின்ன வேலைதான்: காலையில் கடை விரிக்கும்போது கியூஆர் அட்டையில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தட்டுப்படும். முதல் வியாபாரத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்றும் கேளுங்கள்.

இறந்தவர்களின் ஆதாரை என்ன செய்வது?

2025 ஜூனிலிருந்து குடும்பத்தார் இறப்பை ஆதார் இணையதளத்திலேயே தெரிவிக்கலாம். இறப்புப் பதிவு எண் வேண்டும். வங்கிக்கும் சிம் கம்பெனிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

கடலில் காணாமல் போனவர் வீட்டுக்கு இது அவ்வளவு சுலபமில்லை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று கிடைப்பது பெரும்பாடு. ஏழு வருடம் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பதுதான் பொதுவான சட்ட நிலை. அந்த இடைக்காலத்தில் அவர் அட்டைகள், சிம், பாஸ்புக் எல்லாம் மனைவி கையில் பத்திரமாக இருக்கட்டும். “நஷ்டஈடு வாங்கித் தருகிறேன்” என்று அசலைக் கேட்கிறவர்களுக்கு, அவர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், பிரதி மட்டும்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. வேறு யாருக்கும் போன் செய்வதற்கு முன் இது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் சொன்னால் பணம் போன கணக்கை அவர்கள் துரத்திப் பிடித்து நிறுத்துவார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிடித்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். மாமாவிடம் சொல்லலாமா, ஊர்த் தலைவரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பணம் நான்கு கணக்கு தாண்டியிருக்கும்.

அடுத்தது உங்கள் வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்திருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கூடாது. நான்கு முதல் ஏழு நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். ஆகவே வெட்கப்பட்டு மறைக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கிறது. எழுத்தில் கொடுத்து, எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், உதவி எண் 14448.

போலீஸ் ஸ்டேஷனில் “இது எங்க எல்லை இல்லை” என்றால்?

குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நீங்களே பதியலாம். மாவட்டத்துக்கான சைபர் கிரைம் காவல் நிலையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. பணம் போகாமல், உங்கள் பெயரில் சிம்மோ கணக்கோ மட்டும் இருந்தாலும் புகார் கொடுத்து ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு மாநிலப் போலீஸ் வந்து நின்றால் காட்ட உங்களிடம் இருப்பது அந்தச் சீட்டுத்தான்.

எல்லாம் சரிண்ணே. உங்க கம்ப்யூட்டர்ல எங்க ஆதார் எவ்வளவு கிடக்கு?

உச்சிப்புளியிலிருந்து வருகிற ஒரு கல்லூரிப் பெண் போன மாதம் கேட்டது. கடைக்கு வந்தவர்களில் இதைக் கேட்ட முதல் ஆள். டவுன்லோட் போல்டரைத் திறந்தேன். நான் தினமும் இரவு அழிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 214 கோப்பு இருந்தது. வாட்ஸ்அப் வெப்பில் வந்தவை வேறு தனியாக.

அந்தப் பெண் நிற்கும்போதே எல்லாவற்றையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். இப்போது வேலை முடிந்ததும் திரையைத் திருப்பி, வந்தவர் கண்முன்னே அழிக்கிறேன். மறந்தால் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.